முட்டைக்கோஸ் நாற்றுக்கு வேம் போட்டும் பலன் இல்லையே, ஏன்?

அடுத்த கேள்வி கோத்தகிரியில் இருந்து ஒரு அண்ணன் அனுப்பியது. குழித்தட்டில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்று விடுகிறார். தென்னை நார்க்கழிவோடு வேம் (VAM என்ற வேர்ப் பூஞ்சை உரம்), அசோஸ்பைரில்லம் (பாக்டீரியா உரம்) இரண்டும் கலந்திருக்கிறார். முளைத்ததும் பஞ்சகவ்யா தெளித்திருக்கிறார். "எதுவும் போடாத தட்டும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கு, காசு வீணா?" என்று கேட்கிறார்.

ஒன்றும் போடாமல் ஒரு தட்டைத் தனியாக வைத்தீர்கள் பாருங்கள் அண்ணா, அது ரொம்ப நல்ல வேலை. எல்லாரும் அப்படி வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, முதலில் வேம். இது வேருக்குள்ளே புகுந்து வாழும் பூஞ்சை. வேர் எட்டாத இடத்துக்கும் இழையை நீட்டி மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்து வந்து செடிக்குக் கொடுக்கும். நம் மலை மண் புளிப்பு மண். அதில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வேம் இங்கே நிஜமாகவே பயன்படும். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூக்கோல், முள்ளங்கி என்று இந்தக் குடும்பத்துப் பயிர்கள் அந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேருவதே இல்லை. எவ்வளவு போட்டாலும் சேராது. கடையில் விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அசோஸ்பைரில்லம் அப்படி இல்லை, கோஸுக்கும் ஆகும். காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) நிலைப்படுத்துவது ஒரு பக்கம். நாற்றுப் பருவத்தில் அதைவிட முக்கியம், அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கி. பக்க வேரும் வேர்த்தூவியும் அதிகமாகும். அதனால் இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு தட்டிலும் சில நாற்றுகளைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அசோஸ்பைரில்லம் 1 கிலோ, மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 1 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதோடு தழைச்சத்து உரத்தையும் தாராளமாக ஊற்றினால் வித்தியாசம் தெரியாது. பனி விழும் டிசம்பர், ஜனவரியில் நுண்ணுயிர் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, மழைமூட்டத்தில் நாற்றழுகல் வந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவோம். அது நாம் கலந்த நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துக் கொல்லும். அப்படி ஊற்றியிருந்தால், சில நாள் இடைவெளி விட்டுத் திரும்ப அசோஸ்பைரில்லம் கொடுக்க வேண்டும்.

பஞ்சகவ்யா, கடல்பாசிச் சாறு, ஹியூமிக் எல்லாம் ஊக்கிகள். இவற்றில் இருக்கும் சத்து கொஞ்சம்தான், சாப்பாட்டுக்குப் பதிலாக ஆகாது. அளவு கூடினால் பிஞ்சு வேர் வளராமல் நின்றுவிடும். பஞ்சகவ்யாவுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. இரண்டிலைப் பருவத்தில் நானாக இருந்தால் அதில் பாதிதான் கொடுப்பேன்.

அப்புறம், பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். தூள் வடிவ அசோஸ்பைரில்லத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை. வெயில் படும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டில் அது இருக்காது.

மீதி இருக்கும் வேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணா. பூண்டு நடும்போது பல்லுக்கு அடியில் வையுங்கள், காப்பி நாற்றுப் பையில் வேர் தொடும் இடத்தில் போடுங்கள். அங்கே சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் அதிகமாகக் கொட்டாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது.