நான்கு ஊர்களின் அணி: வர்ஜீனியா ஸ்குவயர்ஸ்

அவைத்தலைவர் அவர்களே, கூடைப்பந்தின்மீது பற்றுக்கொண்டு இங்கே கூடியிருக்கும் நண்பர்களே,

வர்ஜீனியா ஸ்குவயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்ததில்லை. 1970-இல் அது தொடங்கியபோதே நார்ஃபோக், ஹாம்ப்டன், ரிச்மண்ட், ரோனோக் ஆகிய நான்கு ஊர்களையும் தன் ஊர்களாக அறிவித்தது. நார்ஃபோக்கும் ஹாம்ப்டனும் கடல்வாயின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கின்றன. ரிச்மண்ட் அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே. ரோனோக்கோ மேற்கே மலைப்பக்கத்தில், ரிச்மண்டிலிருந்து இன்னும் 300 கிலோமீட்டர். தங்கள் வீட்டிலேயே ஆடுவதாகச் சொல்லப்பட்ட ஆட்டத்துக்கும் வீரர்கள் பல மணி நேரம் பயணம் செய்ய நேர்ந்தது.

இப்படி ஓர் அணி ஏன் உருவாயிற்று என்பதை அறிய, அது ஆடிய லீக்கை முதலில் அறிய வேண்டும். 1967-இல், அமெரிக்காவின் முதன்மையான கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வுக்குப் போட்டியாக ஏபிஏ என்ற புதிய லீக் பதினொரு அணிகளுடன் தொடங்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறங்களில் பந்து, தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி, கூட்டத்தை எழுந்து நிற்கவைக்கும் ஆட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். பணம் மட்டும் எப்போதும் பற்றாக்குறை. அந்தப் பதினொன்றில் ஒன்றான ஓக்லண்ட் ஓக்ஸ், பாடகர் பேட் பூன் உரிமையாளர்களில் ஒருவராக இருந்த அணி. 1969-இல் அது லீக்கின் சாம்பியனாகவே ஆயிற்று. ஆனாலும் பார்வையாளர் வரவில்லை, கடன் ஏறியது. எர்ல் ஃபோர்மன் என்ற வழக்கறிஞர் அதை வாங்கித் தலைநகர் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து கேப்ஸ் என்று பெயரிட்டார். கிழக்குக் கரைக்கு வந்த பிறகும் அந்த அணி லீக்கின் மேற்குப் பிரிவிலேயே ஆடியது என்பது, அக்காலத்து ஏபிஏ நிர்வாகத்தின் அழகை விளக்கப் போதுமானது.

வாஷிங்டனில் அது நிலைத்தது ஒரே ஆண்டுதான். என்பிஏ-வின் பால்டிமோர் புல்லட்ஸ் அணியின் உரிமையாளர் ஏப் போலின் அந்தத் தலைநகரின்மீது கண் வைத்திருந்தார். இரண்டு லீக்குகளும் இணைவதைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், அங்கே ஒரு போட்டி அணி இருப்பது உடன்பாட்டுக்கு இடையூறாகத் தெரிந்தது. ஃபோர்மன் இடம்பெயர ஒப்புக்கொண்டார். ஆனால் போவது எங்கே? வர்ஜீனியாவில் ஒரு தொழில்முறை அணியைத் தனியாகத் தாங்கக்கூடிய பெருநகரம் எதுவும் இல்லை. அதே சமயம் மாநிலத்தின் பல ஊர்கள் பெரிய உள்ளரங்குகளைக் கட்டிக்கொண்டிருந்தன. ஹாம்ப்டன் கொலிசியம் 1970-இல் திறக்கப்பட்டது. ரிச்மண்ட் கொலிசியமும், இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வியின் பங்களிப்போடு கான்கிரீட் குவிமாடம் எழுப்பப்பட்ட நார்ஃபோக் ஸ்கோப்பும் மறு ஆண்டு திறக்கப்பட்டன. அரங்கு கட்டியவர்களுக்கு அதை நிரப்ப நிகழ்ச்சி வேண்டும். அணி வைத்திருந்தவருக்கு ஆட இடம் வேண்டும். தெற்கே அடுத்த மாநிலத்தில் கரோலினா கூகர்ஸ் அணி அதற்கு முந்தைய ஆண்டே கிரீன்ஸ்போரோ, சார்லட், ராலே எனப் பல ஊர்களில் மாறிமாறி ஆடத் தொடங்கியிருந்தது. எனவே ஃபோர்மன் கண்டுபிடித்தது புதிய வழியன்று. பக்கத்து வீட்டில் பார்த்த வழி.

தொடக்கமே கசப்போடு அமைந்தது. அணியின் பெரிய பெயரான ரிக் பேரி வர்ஜீனியாவுக்கு வர விரும்பவில்லை. ஒரு தேசிய விளையாட்டு இதழின் அட்டையில் வர்ஜீனியாவின் சீருடையோடு தோன்றிக்கொண்டே, தம் பிள்ளைகள் தென்னாட்டுப் பேச்சொலியோடு வளர்வதைத் தாம் விரும்பவில்லை என்று அவர் பேசிய பேச்சு அங்குள்ளவர்களைச் சுட்டது. அப்படி அவர் பேசியதே தம்மை விற்றுவிடட்டும் என்பதற்காகத்தான் என்று கருத இடமுண்டு. ஃபோர்மன் அவரை 2 லட்சம் டாலருக்கும் ஒரு டிராஃப்ட் உரிமைக்கும், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கும், நியூயார்க் நெட்ஸுக்கு விற்றார். அணி தன் முதல் ஆட்டத்தை ஆடுவதற்கு முன்பே நடந்த விற்பனை இது. அன்று அதை எல்லாரும் நியாயம் என்றே எண்ணினார்கள். எனக்கும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் விற்றால் பணம் வரும் என்ற பாடத்தை உரிமையாளர் அன்றே கற்றுக்கொண்டுவிட்டார்.

பேரி இல்லாமலே அல் பியாங்கியின் பயிற்சியில் அணி முதற்பருவத்தில் 55 ஆட்டங்களை வென்று, 29-ஐ மட்டும் இழந்து, கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரரான சார்லி ஸ்காட், அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதைக் கென்டக்கியின் டான் இஸ்ஸலோடு பகிர்ந்துகொண்டார். அடுத்த பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரி 34.6 புள்ளி குவித்தார்; ஏபிஏ இருந்த ஒன்பது ஆண்டுகளிலும் அந்தச் சராசரியை எவரும் எட்டவில்லை. அந்தப் பருவம் முடியும் முன்பே அவர் என்பிஏ-வின் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

ஆனால் அதற்குள் இன்னொருவர் வந்திருந்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்காமல் வெளியேறிய ஜூலியஸ் எர்விங்கை 1971-இல் ஸ்குவயர்ஸ் ஒப்பந்தம் செய்தது. கல்லூரி முடிக்காத மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள என்பிஏ தயங்கிய காலம் அது. எர்விங்கின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்கூட மிகச் சிலர். முதற்பருவத்திலேயே அவர் சராசரியாக 27.3 புள்ளியும், வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் 15.7-உம் எடுத்தார். கையகலத்தில் பந்தை அடக்கிக்கொண்டு, எறிகோட்டுக்கு அருகே தரையை விட்டு எழும்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தை அமிழ்த்தும் அவருடைய ஆட்டத்தை முதலில் கண்டவர்கள் நியூயார்க்கினரோ பிலடெல்பியாவினரோ அல்லர். நார்ஃபோக்கிலும் ஹாம்ப்டனிலும் சீட்டு வாங்கி உட்கார்ந்த சில ஆயிரம் பேர்தான். 1972-இல் அவர் அட்லாண்டா ஹாக்ஸோடு ஒப்பந்தமிட்டு, அவர்களுக்காக மூன்று காட்சி ஆட்டங்களும் ஆடிவிட்டார். நீதிமன்றம் அவரை வர்ஜீனியாவுக்கே திருப்பி அனுப்பியது. திரும்பி வந்து சராசரி 31.9 புள்ளி எடுத்து லீக்கில் முதல்வரானார்.

அந்தப் பருவத்தின் நடுவில், 1973-இன் தொடக்கத்தில், ஜார்ஜ் கெர்வினும் வந்து சேர்ந்தார். ஆட்டக்களத்தில் எதிரணி வீரரை அடித்ததற்காகக் கிழக்கு மிஷிகன் பல்கலைக்கழக அணியிலிருந்து நீக்கப்பட்டு, பான்டியாக் என்ற ஊரின் சிறிய அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லியான இளைஞர் அவர். ஸ்குவயர்ஸ் நிர்வாகத்தில் இருந்த ஜானி கெர் அவரைக் கண்டெடுத்தார். 'ஐஸ்மேன்' என்ற பட்டப்பெயர் அவருக்கு வாய்க்கக் காரணமாக இருந்தவரும் ஸ்குவயர்ஸின் இன்னொரு வீரரான ஃபேட்டி டெய்லர்தான். ஆக, சில மாதங்களுக்கு எர்விங்கும் கெர்வினும் ஒரே அணியில் ஆடினார்கள். பிற்காலத்தில் இருவரும் கூடைப்பந்தின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள். அந்தப் பருவத்தில் அணி வென்றது 42, தோற்றது 42. எனக்கு வியப்பூட்டுவது அந்தச் சமநிலை அன்று. இப்படி இருவரைக் கையில் வைத்துக்கொண்டும் அணி ஓர் ஆண்டுக்கு மேல் பொறுக்க முடியாமற் போனதுதான்.

1973 கோடையில் எர்விங் நியூயார்க் நெட்ஸுக்கு விற்கப்பட்டார். அந்த இலையுதிர் காலத்திலேயே ஆறடி பதினோரு அங்குல உயர மைய ஆட்டக்காரர் ஸ்வென் நேட்டர் சான் அந்தோனியோ ஸ்பர்ஸுக்குப் போனார். 1974 ஜனவரி 30 அன்று லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம் நார்ஃபோக் ஸ்கோப்பில் நடந்தது. கெர்வின் சொந்த அரங்கில் ஆடினார். கெர்வினும் ஸ்பர்ஸுக்கு 2,25,000 டாலருக்குப் பேசிமுடிக்கப்பட்டுவிட்டார் என்ற செய்தி அதே நாட்களில்தான் ஊரில் பரவியது. வர்ஜீனியாவில் எஞ்சியிருந்த ஒரே நட்சத்திரமும் போனால் அணி பிழைக்காது என்பதை உணர்ந்த லீக் ஆணையர் மைக் ஸ்டோரன் விற்பனையைத் தடுத்தார். வழக்கு நடந்தது, ஸ்பர்ஸ் வென்றது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தித் தின்ற குடியானவன் அடுத்த ஆடிக்கு எதை விதைப்பான்?

இங்கே ஒரு கேள்வி எழும். பல ஊர்களுக்குப் பொதுவாக இருந்ததுதான் அணியைக் கொன்றதா? பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நான் பாதி ஒப்புக்கொள்வேன். நான்கு ஊர்களில் விளம்பரம், நான்கு அரங்குகளுக்கு வாடகை. ரிச்மண்டுக்காரர் தம் ஊரில் ஆட்டம் இல்லாத வாரம் அணியை மறந்துவிடலாம். பருவம் முழுவதற்கும் சீட்டு வாங்கும் பழக்கம் எங்கும் வேர்விடாது. ரோனோக் சில காலத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவர்களுக்கு நான்கு கால்களும் நான்கு இடத்தில். இருந்தும், அந்த ஊர்களில் எதுவும் எர்விங்கை விற்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு ஊர் அணியாக இருந்திருந்தால், விற்பனையை எதிர்த்து அந்த ஊரின் வணிகர்களும் மாநகராட்சியும் திரண்டிருப்பார்கள் என்பதுதான் உண்மையான வேறுபாடு என எண்ணுகிறேன். நால்வருக்கும் சொந்தமான மாடு மெலியும்போது, தீவனம் போடும் முறை யாருடையது என்ற பேச்சே நீளும்.

கடைசி இரண்டு பருவங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் 15 வெற்றி, 69 தோல்வி; அடுத்து 15 வெற்றி, 68 தோல்வி. அணி உள்ளூர்க் குழு ஒன்றின் கைக்கு மாறியது. பியாங்கி விலக்கப்பட்டார்; அடுத்தடுத்து வந்த பயிற்சியாளர்களில் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த மேக் கால்வினும் ஒருவர். நார்ஃபோக்கின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டேவ் ட்வார்ட்ஸிக் மட்டும், தாம் சேர்ந்த 1972 முதல் நான்கு பருவங்களும் அங்கேயே நின்று, காயங்களோடு தரையில் விழுந்து புரண்டு ஆடினார். ஊர் மக்கள் இறுதிவரை வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் மறு ஆண்டே போர்ட்லண்டில் என்பிஏ சாம்பியன் ஆனார்.

1976 மே மாதத்தில், லீக்குக்குச் செலுத்த வேண்டிய 75,000 டாலரைக் கட்ட முடியாமல் ஸ்குவயர்ஸ் கலைக்கப்பட்டது. மறு மாதமே ஏபிஏ-வின் நான்கு அணிகள் என்பிஏ-வில் சேர்ந்தன. சேர்க்கப்படாத கென்டக்கி அணிக்கு இழப்பீடாகச் சுமார் 30 லட்சம் டாலர் கிடைத்தது. இன்னொன்று செயின்ட் லூயிஸ் அணி. பழைய கரோலினா கூகர்ஸ்தான் 1974-இல் விற்கப்பட்டு அங்கே போயிருந்தது. அதன் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், ரொக்கத்தோடு, சேர்ந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருவாயிலும் ஏழிலொரு பங்கைக் காலவரையின்றி எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2014-இல் அந்தப் பாத்தியதையைப் பெருமளவு முடித்துக்கொள்ள என்பிஏ அவர்களுக்கு 50 கோடி டாலர் கொடுத்தது. கூகர்ஸும் ஸ்குவயர்ஸும் ஒரே கருத்தில் பிறந்த பல்லூர் அணிகள். ஒரு மாதம் முந்திச் செத்ததால் வர்ஜீனியாவுக்கு ஒரு காசும் இல்லை.

ஸ்குவயர்ஸ் கலைக்கப்பட்ட அதே மே மாதத்தில்தான் ஏபிஏ-வின் கடைசிச் சாம்பியன் தொடர் நடந்தது. நியூயார்க் நெட்ஸ் டென்வர் நக்கெட்ஸை நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. வென்ற அணியின் நாயகன் ஜூலியஸ் எர்விங். தோற்ற அணியின் நட்சத்திரம் டேவிட் தாம்சன். 1975 டிராஃப்டில் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்திருந்த அணி வர்ஜீனியா ஸ்குவயர்ஸ். அவர் அதன் சீருடையை ஒருநாளும் அணியவில்லை. அவர்மீதான உரிமையையும் அது முன்னதாகவே டென்வருக்குக் கைமாற்றியிருந்தது.