வீட்டு ஏ4 தாளில் நோட்டுப் புத்தகம் தைக்காதீர்கள்!

[காட்சி: மேசை மேல் வாயைப் பிளந்து கிடக்கும் கையால் தைத்த நோட்டு]

வணக்கம் மக்களே! இந்த நோட்டைப் பாருங்கள். தையல் ஒழுங்காக இருக்கிறது, நூலும் இறுக்கம்தான். ஆனாலும் மூடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. காரணம், இதற்குப் போட்ட ஏ4 தாள். ஏன் என்று சொல்கிறேன், அதற்குள் சப்ஸ்கிரைப் பட்டனைத் தட்டிவிடுங்கள். காசா, பணமா?

வரலாறு வேகமாக. எகிப்தின் நாக் ஹம்மாடியில் 1945-இல் கிடைத்த தோல் அட்டைப் புத்தகங்கள் ஏறத்தாழ 1600 வருடப் பழசு. நம் ஆட்கள் ஓலையில் துளை போட்டுக் கயிறு கோத்தார்கள். அப்படிப்பட்ட சைவச் சுவடிகள் இதே புதுச்சேரியில், பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டன. வரலாறு முடிந்தது.

[காட்சி: தினசரியைக் கிழிக்கும் கை]

இப்போது ஒரு பழைய தினசரியை எடுங்கள். மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். சர்ரென்று நேராக வருகிறதா? குறுக்கே கிழியுங்கள். கோணல்மாணல்! இதுதான் கிரெயின், அதாவது தாளில் இழைகள் ஓடும் திசை. ஆலையில் காகிதக் கூழ் ஓடுகிற கம்பிவலை மேல் விழுகிறது. பெண்ணையாற்று வெள்ளத்தில் வரும் மூங்கிலும் வைக்கோலும் தண்ணீர் போகிற வாக்கிலேயே நீட்டிக்கொண்டு வருமே, அதே மாதிரி இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். ஈரம் பட்டால் இழை நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, பக்கவாட்டில்தான் ஊதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே பாதி தண்ணீர்! கிரெயின் புத்தக முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால் பக்கம் அலையலையாக நெளியும், மடிப்பும் முறுக்கிக்கொள்ளும்.

கடையில் விற்கிற ஏ4 தாளில் பெரும்பாலும் கிரெயின் நீளவாக்கில்தான் ஓடும். அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் கிரெயினுக்கு எதிராக மடிக்கிறோம். வழி என்ன? கிரெயின் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாள் வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். ஏ4 கிடைக்கும், ஆனால் கிரெயின் இப்போது சரியான பக்கம் திரும்பியிருக்கும். எனக்கு இது மாயவித்தை மாதிரியே தெரியும். சந்தேகமா? தாளை மடிக்காமல் இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அதுதான் மடிக்க வேண்டிய பக்கம்.

சோம்பேறிகளுக்கும் வழி உண்டு, நம்மூரிலேயே! புதுச்சேரி படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் இருக்கிறது. கையால் அலசி எடுக்கும் தாளில் இழைகள் நாலா பக்கமும் கிடக்கும் என்பதால் கிரெயின் தொல்லை மிகக் குறைவு. ஓரம் பிசிறாக இருக்கும். தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள், அழகே அதுதான்.

[காட்சி: ஊசியும் நூலும், நெருக்கத்தில்]

தையல் சின்ன வேலை. நாலு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று துளை. நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் ஒவ்வொரு முனையாக வைத்து முடிச்சு. அவ்வளவுதான். நூல் நோட்டின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கட்டும், மெழுகு தேய்த்தால் சிக்காது. ஆயிரக்கணக்கில் கொடுத்து கிட் வாங்காதீர்கள். ஊசி, நூல், மெழுகுவர்த்தித் துண்டு போதும்.

கெட்டி அட்டை போடும் ஆசை வந்துவிட்டால் மைதாப் பசை காய்ச்சலாம். பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் கடைகளில் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம், அன்றன்றைக்குப் பசையை அன்றன்றைக்கே காய்ச்சுங்கள். விரலை நக்கிப் பக்கம் திருப்புகிற பெரியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு!

உங்கள் ஊரில் இன்னும் நூல் போட்டுக் கையால் தைக்கிற பைண்டிங் கடை இருக்கிறதா? எந்தத் தெரு என்று கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவை அந்தக் கடையிலேயே எடுத்துவிடலாம்.