உள்ளே ஏறும் சூடு

அவையோருக்கு வணக்கம்.

போதைப்பொடிப் பொட்டலத்தின் மேல் ‘குளியல் உப்பு’ என்றோ ‘செடி உரம்’ என்றோ அச்சடித்திருப்பார்கள். ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்று ஒரு வரியும் இருக்கும். அது அக்கறையில் போட்டதல்ல, சட்டத்துக்குக் கண்ணாமூச்சி காட்டப் போட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் செயற்கைக் கேத்தினோன் என்ற ஊக்கப் போதைப்பொருள். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லுகிற காத் இலையின் கேத்தினோனை ஆய்வகத்தில் அங்கங்கே மாற்றிச் செய்தவை இவை. இவற்றில் ஒன்றான மெஃபெட்ரோன் 1929லேயே செய்யப்பட்டுவிட்டது. பிரிட்டன் 2010 ஏப்ரலில் அதைத் தடை செய்தது. சில மாதங்களிலேயே இதே வகையான நாஃபைரோனையும் தடை செய்யவேண்டி வந்தது.

ஒரே மாதிரி வெள்ளைப் பொடிதான், ஆனால் இவற்றில் இன்னொன்றான எம்.டி.பி.வி. சில மில்லிகிராமிலேயே வேலை செய்துவிடும், மெஃபெட்ரோனுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். போன வாரம் எடுத்த அதே அளவை இந்த வாரம் எடுப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எம்.டி.பி.வி., நரம்பு செல் தான் வெளிவிட்ட டோபமின், நார்அட்ரினலின் என்ற செய்தி ரசாயனங்களைத் திரும்ப உறிஞ்சும் வாசலை அடைக்கிறது. மெஃபெட்ரோன் செல்லின் உள்ளே இருப்பதையே வெளியே தள்ளுகிறது, செரட்டோனின் என்ற இன்னொரு செய்தி ரசாயனம் உட்பட. இதயம் விரைகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இவற்றை எல்லோரும் சொல்வார்கள். நான் அதிகம் பயப்படுவது சூட்டுக்கு.

ஓயாத ஆட்டத்திலும் துடிப்பிலும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதே நேரம் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் வெப்பம் வெளியேற வழியில்லை. கையைத் தொட்டால் சில்லென்றிருக்கலாம், உள்ளே 41 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். அதனால் நெற்றியில் கைவைத்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவமனையில் ஆசனவாய் வழியே அளப்பதே நம்பகமானது. பாராசிட்டமால் இதற்கு உதவாது. அது இறக்குவது மூளை ஏற்றிவைத்த காய்ச்சலை. இங்கே சூடு தசையிலிருந்து வருகிறது.

தசை செல்கள் உடைந்தால் மையோகுளோபின் என்ற தசைப் புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டுகின்றன. மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிறது, பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி. ரத்தத்தில் சில நூறு அலகுக்குள் இருக்கவேண்டிய சி.கே. என்ற தசை நொதி பல்லாயிரத்துக்குப் போய்விடும்.

இப்போது, கூட இருப்பவர்கள் கவனிக்க. ஆள் முரண்டு பிடிக்கிறார் என்று நாலு பேர் அமுக்கிப் பிடிக்காதீர்கள், கட்டிப் போடாதீர்கள். திமிறத் திமிறச் சூடும் ரத்தத்தில் அமிலமும் ஏறும். அப்படியே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. ஆம்புலன்ஸை அழையுங்கள். விளக்கையும் சத்தத்தையும் குறையுங்கள், சட்டையைக் கழற்றுங்கள், ஈரத்துணி போட்டு விசிறுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்க வைக்கவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும்.

மருத்துவமனையில் முதல் மருந்து லோராசிபாம் அல்லது டயசிபாம் போன்ற பென்சோடயசிபைன், அதாவது நரம்பை அமைதிப்படுத்தும் மருந்து. படபடப்பு, வலிப்பு, சூடு, அழுத்தம் எல்லாம் அதிலேயே தணியத் தொடங்கும். வெப்பம் மிகுந்தால் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கிக் குளிர்விப்பார்கள், 39க்குக் கீழே வந்ததும் நிறுத்துவார்கள். சிரை வழியே உப்புநீர் ஏற்றுவார்கள்.

வழக்கமான சிறுநீர்ப் போதைச் சோதனையில் இவை பெரும்பாலும் அகப்படாது. ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வந்தால் எடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆகவே மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். செரட்டோனின் மிகுந்துபோகும் ஆபத்து அவருக்கு அதிகம்.