அறங்காவலர் குழுவில் எந்தெந்தத் தொழில்கள்?

தலைவர் அவர்களே, பல ஊர்களில் அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் பொறுப்பேற்று நடத்திவரும் பெரியோர்களே, இளம் நண்பர்களே, அனைவர்க்கும் என் வணக்கம்.

நான் தொழிலால் தணிக்கையாளன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். ஓர் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், வரவு செலவுப் பக்கத்துக்குப் போகுமுன் அறங்காவலர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கும் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் இருக்கும்: மருத்துவர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற நீதிபதி, தொழிலதிபர், சமூக ஆர்வலர். இவற்றுள் கடைசி இரண்டும் எனக்கு எதையும் சொல்வதில்லை. தொழிலதிபர் என்றால் என்ன தொழில்? தீப்பெட்டியா, நூற்பாலையா, லாரிப் போக்குவரத்தா? இருபது ஆண்டு லாரி ஓட்டி நிறுவனம் நடத்தியவருக்கு, வெள்ளம் சூழ்ந்த ஊருக்குள் ஐம்பது மூட்டை அரிசியை எந்தப் பாதையில் கொண்டு போய்ச் சேர்க்கலாம் என்பது தெரியும். அந்த அறிவைத் ‘தொழிலதிபர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டு, நிவாரணப் பணியின்போது அவரிடம் நன்கொடை மட்டும் கேட்கிறோம்.

ஒருவர் வாழ்நாளில் பெரும்பகுதி செய்த தொழில் அவருடைய கண்ணைப் பழக்கிவிடுகிறது. ஓர் அறைக்குள் நுழைந்ததும் எது அவருக்கு உறுத்துகிறது, எது உறுத்தாமல் போகிறது என்பதை அந்தப் பழக்கமே முடிவு செய்கிறது. ஆகையால் அறங்காவலரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பதவியின் உயரத்தைப் பார்ப்பதைவிட, அவர் தொழில் அவருக்கு எதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். இன்று நான் பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான். இதற்கு நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவில் தொடங்கி நம் மதுரையில் வந்து சேர்கிறது.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில், பார்வையிழந்தோருக்குக் கண்ணொளி தரும் பணிக்காக ‘சேவா’ என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களின் தொழில்களைக் கேட்டால் முதலில் வியப்புத்தான் உண்டாகும். லாரி பிரில்லியன்ட் கொள்ளைநோய் மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஊர் ஊராக அலைந்தவர். நிக்கோல் கிராசே அம்மையார் தென்கிழக்கு ஆசியப் பகுதியில் அதே பணிக்குத் தலைமை தாங்கிய மருத்துவ அறிஞர். ராம் தாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ரிச்சர்ட் ஆல்பர்ட் முன்பு ஹார்வர்டில் உளவியல் கற்பித்தவர். பின்னர் நீம் கரோலி பாபாவின் சீடரானவர். வேவி கிரேவி என்பவர் தொழில்முறைக் கோமாளி. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவில் திரண்ட பெருங்கூட்டத்துக்குத் தம் தோழர்களுடன் சேர்ந்து இலவச உணவு வழங்கியவர். இவர்களோடு மதுரையிலிருந்து ஒரு கண் மருத்துவர் இருந்தார். அவர் டாக்டர் கோ. வெங்கடசாமி.

கண்ணொளி தரும் பணிக்கு ஒரு கோமாளி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன். பின்னர்தான் விளங்கியது. பெரியம்மை ஒழிப்பில் பழகியவர்கள், நோயைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும், எண்ணிப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது என்ற தொழில் ஒழுக்கத்தைக் கொண்டு வந்தார்கள். அதனால்தான் நேபாளத்தில் மருத்துவமனைகளைத் திட்டமிடும்போதே, 1980, 81ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய பார்வையிழப்புக் கணக்கெடுப்பு நடந்தது. மக்களில் 0.84 விழுக்காட்டினர் இரு கண்ணும் தெரியாதவர்கள் என்பதும், அதற்குத் தலையாய காரணம் கண்புரை என்பதும் அந்தக் கணக்கெடுப்பில் தெரிந்தன. ஆனால் கணக்கெடுப்புக்குப் பணம் வேண்டும். தொலைதூர மலைநாட்டில் யாரோ ஒருவருடைய கண்புரையைப் பற்றி அமெரிக்க இளைஞர்கள் கவலைப்பட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் முன் மேடையில் நின்று பழகிய வேவி கிரேவி, தம் இசைக்கலைஞ நண்பர்களை அழைத்து நிதிதிரட்டும் கச்சேரிகளை நடத்தினார். கொள்ளைநோய் மருத்துவர் அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்க முடியாது. கோமாளி அந்தக் கணக்கெடுப்பை வடிவமைத்திருக்க முடியாது.

இனி மதுரைக்கு வருவோம். டாக்டர் வெங்கடசாமி 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவரை முடக்குவாதம் வாட்டி, விரல்களை வளைத்துவிட்டது. அதன் பிறகே அவர் கண் மருத்துவத்துக்கு வந்தார்; அந்த விரல்களைக் கொண்டே கத்தியைப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் கோவெல் அறக்கட்டளையின் கீழ் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அவரைச் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் அவருடைய உறவினர்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். தம்பி கோ. சீனிவாசன் கட்டடப் பொறியாளர். கட்டுமானத்தையும் நிதியையும் அவர் பார்த்துக்கொண்டார். 1981இல் வந்து சேர்ந்த துளசிராஜ் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தவர்.

குடும்பத்தினர் நிறைந்த அறக்கட்டளை என்றால் தணிக்கையாளனாகிய எனக்கு இயல்பாகவே ஓர் எச்சரிக்கை உணர்வு எழும். ஆனால் இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது, ஒரே குடும்பமானாலும் தொழில் ஒன்றல்ல என்பதை. கண் மருத்துவர்கள் மட்டும் கூடியிருந்தால் சிறந்த அறுவை அரங்கு ஒன்று உருவாகியிருக்கும். கையில் பணம் வரவர மாடி மாடியாக எழுப்பும் சிக்கனக் கட்டடம், கட்டணம் செலுத்துவோரின் வருவாயிலேயே கட்டணமில்லாதோருக்கும் மருத்துவம் பார்க்கும் கணக்கு, ஓர் அறுவை முடிவதற்குள் அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருக்கும் ஒழுங்கு ஆகியவை வேறு தொழில்களின் வாசம் கொண்டவை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துச் செவிலியப் பயிற்சி கொடுத்து, அவர்களையே மருத்துவமனையின் முதுகெலும்பாக ஆக்கியதில் டாக்டர் நாச்சியாரின் பங்கு பெரிது.

மேலாண்மை படித்தவர் இருந்ததால் விளைந்த ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முகாம் போடுகிறோம், மருத்துவம் இலவசம், அப்படியிருந்தும் மக்கள் ஏன் வருவதில்லை என்பது மருத்துவர்களுக்கு மனவருத்தம் தரும் கேள்வி. நிர்வாகம் பயின்றவருக்கோ அது விடை தேட வேண்டிய ஆய்வு வினா. துளசிராஜும் பங்கேற்று 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. இலவசம் என்று நாம் சொல்வது நோயாளிக்கு இலவசமாக இருப்பதில்லை. பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலியிழப்பு, வீட்டில் சமைக்க ஆளில்லாத நிலை ஆகிய எல்லாம் அவர் தலையில் விழும் செலவுகள். அறுவைச் சிகிச்சையோடு போக்குவரத்தையும் உணவையும் சேர்த்துக் கொடுப்பதும், முகாமுக்காகக் காத்திராமல் ஊர்ப்புறத்திலேயே நிலையான கண் பரிசோதனை மையங்களைத் திறப்பதும் இத்தகைய சிந்தனையின் தொடர்ச்சியே.

கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸின் கதையும் இதைச் சேர்ந்ததுதான். மேலைநாட்டு நிறுவனங்கள் நூறு டாலர் அளவில் விற்றுவந்த அந்த லென்ஸ் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது, தடித்த கண்ணாடியே போதும் என்று உலக வல்லுநர்கள் பலர் கருதிய காலம் அது. சேவாவின் வழியே மதுரைக்கு வந்த டேவிட் கிரீன் மருத்துவரல்லர். பொறியாளர்களோடும் அரவிந்த் மருத்துவர்களோடும் அவர் சேர்ந்து உழைத்ததில் 1992இல் ஆரோலேப் ஆலை பிறந்தது; லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. விலை உயர்ந்த பொருளை மருத்துவர் நன்கொடையாகக் கேட்பார். அதே பொருளைக் கையில் எடுத்ததும், இதை நாமே செய்தால் என்ன ஆகும் என்று பொறியாளருக்குத் தோன்றும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் குழுவிலும் ஒரு பொறியாளரையும் ஒரு மேலாண்மை வல்லுநரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் புறப்பட்டால், உடனே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியவனாகிறேன். தொழில் தெரிந்தவர் குழுவில் இருப்பது ஒன்று. அவரே அந்தத் தொழிலை அறக்கட்டளைக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்வது வேறு. கட்டட ஒப்பந்தக்காரர் அறங்காவலராக இருக்கும்போது அறக்கட்டளையின் கட்டட வேலையை அவருடைய நிறுவனத்துக்கே கொடுத்தால், அது நேர்மையான விலைக்கே கொடுக்கப்பட்டிருந்தாலும், ஐயத்துக்கு இடம் தரும். அறங்காவலருக்கோ அவருடைய உறவினருக்கோ அறக்கட்டளையிலிருந்து முறையற்ற பயன் போய்ச் சேர்ந்தால் வருமான வரிச் சட்டப்படி அந்தத் தொகைக்கான வரிவிலக்கு பறிபோகக்கூடும். ஒப்பந்தப்புள்ளிகளைப் பிரித்து முடிவெடுக்கும் நேரத்தில் அந்த அறங்காவலர் எழுந்து வெளியே போக வேண்டும்; அவர் வெளியே போனார் என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். என் தொழிலுக்கும் இதே விதிதான். அறங்காவலராக அமர்ந்த ஆடிட்டர் அந்த அறக்கட்டளையைத் தணிக்கை செய்யக் கூடாது.

இப்போது நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளுக்காக இல்லம் நடத்தும் அறக்கட்டளை அது. குழுவில் ஒன்பது பேர்: மருத்துவர் மூவர், வழக்கறிஞர் இருவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆலை உரிமையாளர், பேராசிரியர், மருந்துக்கடை நடத்துபவர். ஒன்பது பேரும் நல்லவர்கள். ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வரத் தவறாதவர்கள். அவர்கள் நாற்பது பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் ஒன்று எழுப்பினார்கள். கணக்கைத் தணிக்கை செய்தவன் நான். ரசீதுகள் தேதிவாரியாகக் கோக்கப்பட்டிருந்தன. சிமெண்ட் மூட்டைக் கணக்குக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் ஒரு மூட்டைகூட வேறுபாடில்லை. மனநிறைவோடு கையெழுத்திட்டேன்.

திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் கழித்து அங்கே போனபோது, சமையல் செய்யும் அம்மா என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். குளியலறைகள் தங்கும் கூடத்திலிருந்து முப்பது முப்பத்தைந்து அடி தள்ளி, திறந்த முற்றத்தைத் தாண்டி இருந்தன. கதவுகளுக்கு வெளிப்பக்கம் பளபளவென்று நாதாங்கி இருந்தது. உட்பக்கம் எதுவும் இல்லை. விளக்கின் சுவிட்சு, கூடத்தின் மறுகோடியில் காப்பாளர் அறைக்குள் இருந்தது. துணி உலர்த்தும் கொடி தெருவைப் பார்த்த பக்கம் கட்டப்பட்டிருந்தது. பெரிய பிள்ளைகள் இரவில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள் ஐயா என்று அந்த அம்மா சொன்னார். வெளியே போக அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று.

அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை ஒன்பது பேரும் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர்கள் காற்றோட்டத்தைக் கவனித்தார்கள். வழக்கறிஞர்கள் பட்டாவைச் சரிபார்த்தார்கள். வங்கியாளர் தவணையைப் பார்த்தார். நான் பைசா சுத்தமாகக் கணக்கைப் பார்த்தேன். விடுதி நடத்திய ஒருவர் அங்கே இருந்திருந்தால், அல்லது ஒரே ஒரு பெண் இருந்திருந்தால், வரைபடத்தை விரித்தவுடனே கையை வைத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: யாருக்காக ஓர் அறக்கட்டளை இயங்குகிறதோ அவர்களோடு பகலும் இரவும் வாழ்ந்த அனுபவமும் ஒரு தொழில் தகுதிதான். அதற்குப் பட்டம் இல்லை என்பதால் பெயர்ப்பலகையில் இடம் கிடைப்பதில்லை. முதியோர் இல்லத்தில் ஆயாவாகப் பதினைந்து ஆண்டு வேலை செய்தவர், மாற்றுத்திறனாளி மகனை வளர்த்த தாய், அந்த விடுதியிலேயே வளர்ந்து இன்று ஆசிரியையாக இருப்பவர் ஆகியோரை நாம் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் அழைக்கிறோம். அழைத்துக் குழுவில் அமர்த்தினாலும், கூட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தி, அறிக்கையை முந்தின நாள் இரவு அனுப்பி, அவர்களை வாய் பேசாமல் உட்கார வைத்துவிடுகிறோம். கூட்டம் தமிழில் நடக்கட்டும். நிதிநிலை அறிக்கையை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கட்டும். அரை மணி நேரம் போதும். நான் பல இடங்களில் செய்திருக்கிறேன்.

நான் சொன்ன இல்லத்தின் குழு பின்னர் தன் பத்திரத்தைப் பார்த்து, காலியாக இருந்த இரண்டு இடங்களை நிரப்ப முடிவு செய்தது. அவற்றில் ஒன்றுக்கு, வேறோர் ஊரில் மாணவியர் விடுதிக் காப்பாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் வந்தார். முதல் கூட்டத்தில் அவர் நெடுநேரம் பேசவில்லை. வரவு செலவு வாசிக்கப்பட்டது, வைப்புநிதி புதுப்பிக்கப்பட்டது, நன்றி சொல்லும் நேரம் வந்தது. அப்போது அவர் கேட்டார்: “நடுராத்திரியில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் வாசல் சாவி யாரிடம் இருக்கிறது?” ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாக அறங்காவலர் அங்கேயே தொலைபேசியை எடுத்துக் காப்பாளரை அழைத்தார். சாவி, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும் எழுத்தரின் மேசை அறையில் இருந்தது.