வெள்ளிக்கிழமை வந்த தந்தி

நேயர்களுக்கு வணக்கம். தபால் துறையில் வேலை பார்த்தவன் நான். போரில் இறந்த விமானப் படையினரின் தாள்களைத் தேடித் திரிவது என் பழக்கம். பைத்தியம் என்பார்கள் வீட்டில்.

அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் எங்கள் தெரு ஆச்சி. அவர் வீட்டுக்காரர் இரண்டாம் உலகப் போரில் வான்படை. வங்காளத்திலிருந்து ராத்திரி பர்மாவுக்குக் கிளம்பிய விமானம் திரும்பவில்லை. ‘காணவில்லை’ என்று ஒரு தந்தி. ஆறு மாதம் கழித்து, இறந்ததாகக் கொள்கிறோம் என்று ஒரு கடிதம். வீட்டார் தந்தி வந்த வெள்ளிக்கிழமையையே கணக்காக வைத்து, வருஷா வருஷம் தாமிரபரணியில் திதி கொடுத்துவந்தார்கள். நான் பார்த்தால், போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பதிந்துவைக்கும் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் செவ்வாய், படைப்பிரிவின் நாட்குறிப்பில் திங்கள்!

“ஏ ஐயா, எம் மவன் இத்தன வருசமும் தப்பான நாளுலயா எள்ளுந்தண்ணியும் இறைச்சான்?” என்றார் ஆச்சி. எனக்குப் பதில் வரவில்லை.

தந்தி என் தொழில், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தந்தித் தாளில் இரண்டு தேதி இருக்கும். அனுப்பிய ஆபீஸில் கொடுத்த நாள் ஒன்று. நம் ஆபீஸ் முத்திரையில் விழுந்த நாள் இன்னொன்று. இரண்டுமே செய்தி நகர்ந்த நாள். விமானம் விழுந்த நாள் அல்ல. வீட்டுப் படத்தின் பின்னால், குடும்ப நோட்டில், பள்ளிக்கூட நினைவுப் பலகையில், மூன்றிலும் வெள்ளி என்றுதான் இருந்தது. மூன்று பேர் சொல்கிறார்களே என்று நம்பக்கூடாது. மூன்றும் அந்த ஒரே தந்தியைப் பார்த்து எழுதியவை. மறுபடி சொல்கிறேன்: தாள்களை எண்ணாதீர்கள், எழுதியவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

சரி, திங்களா செவ்வாயா? நாட்குறிப்பு எழுதியவருக்குத் தெரிந்தது, விமானம் கிளம்பிய ராத்திரி. அதன் கீழேயே ‘திரும்பவில்லை’ என்று எழுதிவிட்டார். ஆணையத்தின் பட்டியலோ நள்ளிரவு தாண்டியிருக்கும் என்று மறுநாளைக் கொண்டது. இதில் கடிகாரச் சிக்கல் வேறு. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலக நேரத்துக்கு அடிப்படையான கிரீன்விச்சைவிட ஆறரை மணி நேரம் கூடுதல். நமக்குச் செவ்வாய் விடிகாலை 2 மணி என்றால், கிரீன்விச்சில் திங்கள் சாயங்காலம் ஏழரை. எந்தக் கடிகாரத்தில் எழுதினார்கள் என்று தெரியாமல் தேதியைத் தொடக்கூடாது.

முடிச்சை அவிழ்த்தவர் திதி கொடுத்து வைக்கும் வாத்தியார். “விடிஞ்சாத்தானே ஓய் நமக்கு மறுநாள்? ராத்திரி ரெண்டு மணின்னாலும் திங்கள்தான்” என்றார். விழுந்த நேரத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அதனால் ‘திங்கள் இரவு, விடியுமுன்’ என்றுதான் ஆச்சிக்கு எழுதிக்கொடுத்தேன். இதுவரை கொடுத்ததற்கு என்ன செய்ய என்றார் ஆச்சி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஒரு முழுக்குப் போடச் சொன்னார் வாத்தியார். போட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். பெயர்க் குழப்பத்தைத்தான் பெரிதாகச் சொல்ல நினைத்திருந்தேன். அப்பா பெயர் இனிஷியலாகிவிடும், சில தாளில் அதுவே பெயராகிவிடும். ஊர் ‘டின்னவேலி’ (திருநெல்வேலிதான்) என்றிருந்தால் தூத்துக்குடிக்காரராகவும் இருக்கலாம். 1986 வரை ஒரே மாவட்டம். வீட்டுப் பெட்டியில் பழைய தந்தி கிடந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள். வணக்கம்.