உட்கார்ந்த இடத்தில் சம்பாதித்தவர்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மி.

1950களின் அமெரிக்க டிவி போட்டிகளை ஓடவைத்தது பரிசா, தொகுப்பாளரா? தொகுப்பாளர்தான் என்கிறோம் நாங்கள். எதிரணித் தலைவர் யானையைக் காட்டினார். பொருளின் விலையை ஊகிக்கும் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியில் நிஜ யானையே பரிசாகப் போனதாம். போகட்டும் ஐயா! யானை ஒருத்தர் வீட்டுக்குப் போனது. கிடைக்காத மற்றவர்கள் அடுத்த வாரமும் டிவி முன்னால் உட்கார்ந்தார்களே, யாரைப் பார்க்க?

யானையை விடுங்கள். அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளரைப் பற்றி எதிரணித் தலைவர், "பில் கல்லன் என்ன கிழித்தார்? உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதித்தார்" என்றாரே, அதற்கு நீங்களும் கைதட்டினீர்களே! ஏன் உட்கார்ந்தார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

1920இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். இரண்டு வயது முடியுமுன் போலியோ. ஆயுசுக்கும் காலை இழுத்துத்தான் நடந்தார். அவரை உட்காரவைத்தே நடத்தி, அது திரையில் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். 1956 முதல் 1965 வரை அவர் நடத்திய 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியை வாராவாரம் பார்த்தவர்களிலேயே பலருக்கு அவர் கால் விஷயம் தெரியாது.

தெரியாதவர்களில் ஒருவர் மெல் புரூக்ஸ், நகைச்சுவை மன்னர். கல்லன் நடத்திய 'ஐ கெஸ்' நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறார். மேடையின் அந்தக் கோடியிலிருந்து கல்லன் தாங்கித் தாங்கி வருகிறார். புரூக்ஸ் பார்க்கிறார். 'அடடே, மனுஷன் காமெடி பண்ணுகிறாரே, நாம் சும்மா இருப்பதா?' இவரும் காலைக் கோணி, கையை முறுக்கி, எதிரே நடக்கிறார். நடுவர் அவர்களே, அந்த மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து ஒருத்தர் நிஜமாக நொண்டி வருகிறார், இங்கிருந்து ஒருத்தர் பொய்யாக நொண்டிப் போகிறார்! விஷயம் தெரிந்தவர்களுக்கு மூச்சே நின்றிருக்கும். புரூக்ஸோ, சிரிப்பு வரவில்லையே என்று இன்னும் நாலு கோணல் சேர்த்திருப்பார்!

கல்லன் கோபப்பட்டாரா? கிடையாது. என் நடையைக் கிண்டல் பண்ணத் துணிந்த ஒரே காமெடியன் நீங்கள்தான், மற்றவர்கள் பக்குவமாக நடந்துகொள்வதுதான் எனக்கு இன்னும் கஷ்டம் என்றாராம். பின்னாளில் இதைச் சொன்னவர் புரூக்ஸேதான்.

பரிசு, தொகுப்பாளர் எல்லாம் இருக்கட்டும். 1972இல் 'தி பிரைஸ் இஸ் ரைட்' புது வடிவில் திரும்பியது. மேடை முழுக்க நடமாட வேண்டிய வேலை. அதன் பேரை வளர்த்த கல்லனுக்கு அது வரவில்லை, பாப் பார்க்கர் என்ற வேறொரு தொகுப்பாளருக்குப் போனது. அவர் முப்பத்தைந்து வருஷம் அங்கே நின்றார். கல்லன் ஒதுங்கிவிடவில்லை, 1986 வரை வேறு வேறு போட்டிகளை நடத்திக்கொண்டே இருந்தார். 1990இல் போய்ச் சேர்ந்தார்.

ஐயா, எதிரணித் தலைவரே, தீர்ப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். யானையையும் ஓட்டிக்கொண்டு போங்கள். 'உட்கார்ந்த இடத்தில்' என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்த மைக்கிலேயே வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மணி அடித்துவிட்டார்கள், வணக்கம்.