ஒதுக்குவது பழக்கத்தாலே: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை

நடுவர் அவர்களே, சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். எந்த விலங்கை உண்பது, எதை ஒதுக்குவது என்பதைத் தீர்மானிப்பது அறமா, பழக்கமா என்பது இன்றைய தலைப்பு. அறமே என்று வாதாடிய எதிரணி நண்பர் இரண்டு சான்றுகளை வைத்தார்: வள்ளுவர் புலாலை மறுத்தார் என்றார், பால் தந்த பசுவை நன்றியால் நாம் தொடுவதில்லை என்றார்.

வள்ளுவரிடமிருந்தே தொடங்குகிறேன். புலால் மறுத்தல் அதிகாரத்தின் 10 குறள்களிலும் ஒரு விலங்கின் பெயர்கூட இல்லை. மாட்டை விடு, ஆட்டை வைத்துக்கொள் என்று அவர் பங்கு பிரிக்கவில்லை. கொன்று பெற்ற ஊன் முழுவதையும் விலக்கினார். அந்த நெறியில் வழுவாமல் நிற்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஆட்டுக்கறி உண்டுகொண்டே மாட்டை ஒதுக்குகிறவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தால், வள்ளுவர் முதலில் ஆட்டைப் பற்றித்தான் கேட்பார்.

அடுத்தது நன்றி. ரன்னிங் ஃபவுல் என்று நாம் தேடி வாங்கும் உயிர்க்கோழிகள் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் கூண்டோடு வந்து நிற்கின்றன. காலைப் பிடித்துத் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து விலை பேசுகிறோம். அவற்றில் பல, முட்டைப் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்தபின் கழிக்கப்பட்டவை. மாதக்கணக்கில் நமக்கு முட்டை தந்த கோழிக்கு நாம் காட்டும் நன்றி, அதைச் சற்றுக் கூடுதல் நேரம் வேகவைப்பதுதான். நன்றிதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோல் கோழியிடம் வரும்போது ஏன் மடங்கிப்போகிறது?

நம் நாட்டின் வடக்கிலுள்ள லிம்போபோ மாகாண மக்கள் மொப்பானிப் புழுவைப் பிடித்து, குடலைப் பிதுக்கி வெளியேற்றி, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி உண்கிறார்கள். அது பெரும்பாலும் மொப்பானி மரத்தின் இலையைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு. பெயரைக் கேட்டதும் நமக்குக் குமட்டுகிறது. ஆனால் இறாலின் முதுகைக் கீறிக் கருங்குடலை உருவி எடுப்பதும், ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி மயிர் போகச் சுரண்டி பீன்ஸோடு குழம்பு வைப்பதும் நம் வீட்டு வேலைதானே! சங்கப் பாடல்களில் நம் முன்னோர் உடும்பின் இறைச்சியைப் பகுத்து உண்டார்கள். இன்று உடும்பை நாம் தொடுவதில்லை. இடைக்காலத்தில் உடும்பின் அறத்தகுதி எதுவும் உயர்ந்துவிடவில்லை, உண்ணும் பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

புரட்டாசி விரதம் அறமல்லவா என்று கேட்பீர்கள். அது வழிபாட்டு ஒழுக்கம், மனத்தை அடக்கும் பயிற்சி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஆட்டுக்காக இருக்கும் விரதமாக இருந்தால், மாதம் முடிந்த மறுநாளே இறைச்சிக் கடையில் வரிசை நிற்காது.

ஸூலு மக்களின் முதல் விளைச்சல் விழாவான உக்வேஷ்வாமாவில் இளைஞர்கள் வெறுங்கையால் காளையைக் கொல்வதை எதிர்த்து 2009-இல் விலங்குரிமை அமைப்பொன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்த விழாவைக் கொடுமை என்று சொல்லும் நம்மவர்களிலும், மாரியம்மனுக்குச் சேவலும் கடாவும் நேர்ந்துவிடும் குடும்பங்கள் உண்டு. தன் பலி பக்தியாகவும் அடுத்தவர் பலி கொடுமையாகவும் தோன்றுவது பழகிய கண்ணின் வேலை.

2013-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் 139 இறைச்சிப் பொருள்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் உறையில் அச்சிடாத ஏதோ ஒன்று கலந்திருந்தது. சிலவற்றில் கழுதையும் நீரெருமையும்கூட இருந்தன. எழுந்த கொதிப்பு அறச்சீற்றம் அல்லவா என்று எதிரணி கேட்கலாம். அறச்சீற்றம்தான், ஆனால் அது வாங்குபவரை ஏமாற்றிய பொய்யின் மீது எழுந்தது. உறையில் கழுதை என்று அச்சிட்டிருந்தால் வாங்காமல் நகர்ந்திருப்போமே தவிர, கழுதைக்காக ஒருவரும் குரல் கொடுத்திருக்க மாட்டோம். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தக் கழுதைக்கும் நம் சட்டியில் வேகும் ஆட்டுக்கும் அறத்தில் என்ன வேறுபாடு என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பைக் கேட்கட்டும். நன்றி, வணக்கம்.